தாய்ப்பத்திரம் டார்செட்டில் இருந்தது

எங்கள் மாடி ஆன்ட்டியின் இங்கிலாந்து மூதாதையரைத் தேடக் காசு கட்டிப் பார்த்த இணையதளத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பணம் திரும்பி வருமா வராதா என்று இன்னும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் எதற்கு வம்பு. காசு கட்டாமல் பார்த்தவற்றின் பெயர்களைத் தாராளமாக எழுதுகிறேன். வேலையை முடித்துக் கொடுத்தவை அவைதான்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். வில்லங்கம் போட அட்டவணை புரட்டுவது, நகலை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவது, பெருவிரலில் மை தடவி ரேகை வாங்குவது என்றே என் காலம் ஓடிவிட்டது. இங்கிலாந்தில் ஒரு பட்டிக்காட்டு சர்ச்சின் பதிவேட்டைப் புரட்டுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் பெரம்பூர் ஃபிளாட்டின் இரண்டாவது மாடி ஆன்ட்டியால் வந்த வினை இது.

ஆன்ட்டிக்கு 79 வயது. ஆங்கிலோ இந்தியர். அப்பா ரயில்வே, தாத்தா ரயில்வே, வீட்டுக்காரரும் ரயில்வே. பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். மத்தியானத்தில் தனியாக இருக்கிறாரே என்று போய் உட்காருவேன். ஒருநாள் பீரோவிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய காகிதம். அவருடைய தாத்தாவின் அப்பாவுக்கு, பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்த சான்று. 1861-இல் சேர்ந்திருக்கிறார், அப்போது வயது 18. தொழில் என்ற இடத்தில் ‘லேபரர்’. பிறந்த இடம் எழுதியிருந்த விதம்தான் எனக்குப் பிடித்துப்போனது: இன்ன பாரிஷில் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்), டார்செஸ்டர் பட்டணத்தின் உள்ளே அல்லது அருகே, டார்செட் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி). நாம் ‘இன்ன சப்டி (சார்பதிவு மாவட்டம்), இன்ன கிராமம், இன்ன சர்வே எண்’ என்று எழுதுகிற அதே வரிசை, தலைகீழாக.

“அந்த ஊர் எப்படி இருக்கும், அவங்க வீட்டு ஆளுங்க யாருன்னு சாகறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்மா” என்றார். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

பெர்த்தில் இருக்கிற மகன் சொல்லி, அந்தக் காசுத் தளத்தில் என் கார்டைப் போட்டுப் பதிவு செய்தேன். பதினாலு நாள் இலவசம். பதினைந்தாம் நாள் காலை, காபி குடிக்கும் முன்பே ஆறு மாதச் சந்தா மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். ரத்து செய்கிற பொத்தான் நாலு பக்கம் உள்ளே தள்ளி, சாம்பல் எழுத்தில் இருந்தது. சரி, அது என் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்வோம். பெரிய குறை வேறு.

பெயரும் ஊரும் போட்ட உடனே ஒரு பச்சை இலை துடித்தது. அமுக்கினால் வேறு யாரோ போட்டுவைத்த வம்ச மரம். அதை அமுக்கினால் இன்னொன்று. மூன்று நாளில் ஆன்ட்டிக்கு 19 தலைமுறை கிடைத்துவிட்டது. உச்சியில் கவசம் போட்ட ஒரு நைட் (ராஜாவிடம் வீரப் பட்டம் வாங்கியவர்), பக்கத்தில் சிங்கம் போட்ட கேடயம். ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். “லார்டு வம்சம்மா நாங்க.”

எனக்கு ஒரு வரி மட்டும் உறுத்தியது. அந்த மரத்தில் ஒருவருக்கு 1512-ஆம் வருடம் இன்ன தேதியில், இன்ன சர்ச்சில் ஞானஸ்நானம் என்று இருந்தது. இங்கிலாந்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்ததே 1538-இல்தான். எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவு. அந்த முதல் ஏடுகளும் பெரும்பாலும் சாதாரணக் காகிதம், பல ஊர்களில் மட்கிப் போய்விட்டன. 1598-இல் தோல் ஏட்டில் திருப்பி எழுதச் சொன்னார்கள், அதுவும் முக்கியமாக 1558-இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எழுதினால் போதும் என்று. சோம்பேறிக் குமாஸ்தா எந்த நாட்டில்தான் இல்லை, நிறைய பேர் 1558-இலிருந்தே தொடங்கிவிட்டார்கள். அப்படியிருக்க 1512-க்குத் தேதியோடு ஞானஸ்நானம் காட்டுவது, ரிஜிஸ்தர் ஆபீஸ் திறக்கும் முன்பே டாக்குமெண்ட் நம்பர் காட்டுவது மாதிரி. என் சர்வீஸில் அப்படிப்பட்ட பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். கொண்டுவருகிறவர் முகத்தில் வியர்வையே இருக்காது.

அப்புறம்தான் நான் என் வழக்கப்படி இறங்கினேன். வில்லங்கச் சான்று என்பது வழிகாட்டிப் பலகை. அதை மட்டும் பார்த்து வீடு வாங்குகிறவரை நாங்கள் கவுன்ட்டருக்கு உள்ளிருந்து பரிதாபமாகப் பார்ப்போம். மூலப்பத்திரத்தைப் பார், அதற்கு முந்தின தாய்ப்பத்திரத்தைப் பார், ஒவ்வொரு கையிலும் எப்படி மாறியது என்று பார். இங்கேயும் அதே கதைதான்.

இந்த வேலைக்குப் பெரிய உதவி, ‘டார்செட் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்’. கார்ன்வாலில் தொடங்கிய ஏற்பாடாம், பிறகு மற்ற கவுண்டிகளுக்கும் வந்திருக்கிறது. ஒரு தன்னார்வலர் ஒரு பாரிஷைத் தத்தெடுத்துக்கொண்டு, அதன் ஏடுகளைப் படித்துத் தட்டச்சு செய்து இலவசமாகப் போடுகிறார். பக்கத்தின் தோற்றம் இருபது வருடம் பழையது. இலை துடிக்காது, கேடயம் வராது. ஊர்ப்பெயரை அமுக்கினால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், மக்கள்தொகைக் கணக்கு என்று வரிசையாக வருகிறது. எங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூமுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஃப்ரீரெஜ் என்பது இதே வேலையை நாடு முழுவதற்கும் செய்கிறது. கவுண்டி, பெயர், வருடம் போட்டுத் தேடலாம். உச்சரிப்பு ஒத்த பெயர்களையும் சேர்த்துத் தேடச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு, அதில் கட்டாயம் டிக் செய்யுங்கள். ஆன்ட்டியின் குடும்பப் பெயரே ஒரே பாதிரியார் கையில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். நாம் ‘சுப்பிரமணி என்கிற சுப்பிரமணியன்’ என்று பத்திரத்தில் ‘என்கிற’ போடுவதை அங்கே யாரும் போடவில்லை, அவ்வளவுதான். இதில் ஏட்டின் படம் கிடையாது, படியெடுத்த எழுத்து மட்டும். படத்துக்கு ஃபேமிலிசர்ச் போக வேண்டும். யூட்டாவில் இருக்கிற மார்மன் சபையார் உலகம் முழுக்க ஏடுகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு தொடங்கக் காசில்லை. சில படங்களை அவர்கள் மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1813-இலிருந்து எல்லா பாரிஷுக்கும் அச்சடித்த ஏடு. ஞானஸ்நானப் பக்கம் ஒன்றுக்கு எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு பிள்ளை. தேதி, பிள்ளை பெயர், அப்பா அம்மா பெயர், குடும்பப் பெயர், இருப்பிடம், அப்பாவின் தொழில், செய்துவைத்தவர் கையெழுத்து. எட்டே கட்டம் என்பதால் சின்ன ஊரில் ஒரு வருடத்தை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஆன்ட்டியின் ஊரில் 1841-இல் ஒரு பையன், 1843-இல் ஒரு பையன். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். அப்பாக்கள் வேறு, பெரியப்பா சித்தப்பா முறை. காசுத் தளத்து மரம் 1841-இல் பிறந்த பையனைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

நான் அடக்க ஏட்டைத் திறந்தேன். இதைத்தான் யாரும் திறப்பதில்லை. செத்த கணக்கைப் பார்க்க யாருக்கு ஆசை? அதே பெயர், அதே வீதி, வயது 2. 1841-இல் பிறந்த பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆக, அந்த நைட்டும் சிங்கமும் 19 தலைமுறையும் ஒரு செத்த குழந்தையின் மேல் கட்டிய மாடி.

1843 பையன்தான் நம்ம ஆள் என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டுமே. அது சென்னையில் நடந்த ஒரு கல்யாணத்தின் பதிவில் கிடைத்தது. கம்பெனி காலத்திலிருந்தே இங்கே நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கத்துக்கெல்லாம் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸ் தொகுதிக்கு ‘என்/2’ என்று அடையாளம், வங்காளம் 1, பம்பாய் 3. ஃபிபிஸ் என்கிற, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுகிறவர்களின் சங்கத்தின் தளத்தில் இவற்றுக்கான அட்டவணையைச் சும்மா தேடலாம், தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். 1878-இல் வேப்பேரியில் நடந்த நம்ம பட்டாளத்துக்காரரின் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பெயர் 1843 கட்டத்தில் இருந்த பெயர். எனக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

(கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரி சர்ச்சுக்கு ஆன்ட்டியை ஆட்டோவில் அழைத்துப் போனேன், சம்பந்தமில்லாவிட்டாலும். 1680-இல் திறந்தது. அந்த வருடமே முதல் கல்யாணம் எலைஹு யேலுக்கு. அமெரிக்காவில் அவர் பெயரில்தான் யேல் பல்கலைக்கழகம். 1753-இல் ராபர்ட் கிளைவுக்கும் அங்கேதான் கல்யாணம். கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டி, ஆதாரைக் காட்டி உள்ளே போகும்போது ஆன்ட்டி, “கிளைவ் கிட்டயும் ஆதார் கேட்டிருப்பாங்களா?” என்றார்.)

பிறப்பை அரசாங்கமே பதிவது இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல். ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் சொந்த அட்டவணையை அவர்கள் தளத்தில் காசில்லாமல் தேடலாம், பெயர் பதிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு தங்கமான விஷயம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் வருகிறது. ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருக்கிற எங்களுக்கு அது சர்வே கல் மாதிரி. ஆனால் ஒன்று, 1875 வரை பிறப்பைப் பதியாவிட்டால் பெற்றோருக்கு அபராதம் கிடையாது. ஆகையால் அங்கே பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்புறம், ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. நாலு பிள்ளைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் தண்ணீர் தெளித்த குடும்பங்கள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கில் ஆட்களின் பெயர் வருவது 1841-இலிருந்து. அந்த வருடம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். அதை நம்பிப் பிறந்த வருடம் கணக்குப் போட்டால் கோவிந்தா. 1851-இல்தான் சரியான வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, எந்த பாரிஷில் பிறந்தார் என்பதெல்லாம் வருகிறது. ஆன்ட்டியின் ஊர் முழுக்கப் பதினாறு பக்கத்தில் முடிந்துவிட்டது. வரிக்கு வரி ‘ஏஜி லேப்’, ‘ஏஜி லேப்’. விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். இடையில் ஒரு கொல்லர், ஒரு மாவு மில்காரர், ஒரு பாதிரியார்.

கூலி என்றால் எப்படிப்பட்ட கூலி என்று பார்க்க டால்படில் போக வேண்டும். அதுவும் டார்செட்டில், டார்செஸ்டருக்குப் பக்கத்து ஊர்தான். வாரக் கூலி 7 ஷில்லிங்குக்கு இறங்கி, இன்னும் 6 ஆக்கப் போகிறார்கள் என்றதும் ஆறு கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834-இல் டார்செஸ்டர் கோர்ட்டில் ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஊரே கொதித்தது, 1836-இல் மன்னிப்பு வந்தது. ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அந்த வருடங்களில் பக்கத்து ஊரில் வாலிபராக இருந்திருக்கிறார். அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று ஏடு சொல்லவில்லை.

அவருடைய கையெழுத்தைப் பார்த்தேன். கையெழுத்து என்றா சொன்னேன், ஒரு பெருக்கல் குறி. கல்யாண ஏட்டில், 1840. 1754-இலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஏட்டில் கையெழுத்தோ குறியோ போட வேண்டும் என்று சட்டம், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்திருக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். குறியின் இரண்டு பக்கமும் பாதிரியார் ‘இன்னாருடைய குறி’ என்று பெயரை எழுதி நிரப்பியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முதல் கோடு நடுங்காமல் கீழே இறங்குகிறது. இரண்டாவது கோடு பாதியில் நின்று, அந்த இடத்தில் மை ஊறிப் பரவியிருக்கிறது. பேனாவை எப்படி எடுப்பது என்று யாரையோ நிமிர்ந்து பார்த்திருப்பார். எத்தனை ஆயிரம் பேருடைய பெருவிரலைப் பிடித்து நான் ஸ்டாம்ப் பேடில் அழுத்தியிருப்பேன். அவர்களும் அப்படித்தான் நடுவில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இன்னும் ஒரு தலைமுறை மேலே போனதில்தான் அசல் சரக்கு. பாரிஷ் என்றால் வெறும் சர்ச் என்று நினைத்திருந்தேன், நம்ம கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பது போல, சி.எஸ்.ஐ.காரர்கள் ‘சேகரம்’ என்பது போல. அது பாதிதான். 1601 சட்டப்படி ஏழைகளுக்குச் சோறு போடுகிற பொறுப்பும் பாரிஷின் தலையில். அதற்கு வரி பிரிப்பார்கள். மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் ரேஷன் கடையும் கோயிலும் ஒரே இடத்தில் இருந்த மாதிரி. பத்திரங்களெல்லாம் சர்ச்சுக்குள் ஒரு மரப்பெட்டியில், மூன்று பூட்டு. பாதிரியாரிடம் ஒரு சாவி, சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற இரண்டு வார்டன்களிடம் ஆளுக்கொன்று.

யாருக்குச் சோறு போடுவது என்பதில்தான் சண்டை. 1662-இல் ஒரு சட்டம் வந்தது: இந்த ஊரில் உரிமை இல்லாத ஏழையை, உரிமை இருக்கிற ஊருக்கே திருப்பி அனுப்பலாம். பிறகு வந்த விதிப்படி, கல்யாணமாகாத ஆள் ஒரே எஜமானிடம் ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்தால் உரிமை கிடைக்கும். அதனால் பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு ஆள் எடுத்தார்கள். தினக்கூலி ஊழியருக்கு நடுவில் ‘பிரேக்’ கொடுத்து நிரந்தரம் கேட்க விடாமல் செய்வதை நம்ம ஆட்கள் கண்டுபிடித்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கவுண்டி ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் ஆன்ட்டியின் குடும்பப் பெயரோடு ‘ரிமூவல் ஆர்டர், 1817’ என்று ஒரு வரி இருந்தது, ஏழையை அவருடைய ஊருக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவு. ஈமெயில் எழுதி, நகல் கட்டணம் கட்டி வாங்கினேன். பாதி அச்சு, பாதி கையால் நிரப்பியது, கீழே இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் கையெழுத்து. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். வயது ஐந்து, மூன்று, ஒன்பது மாதம். ‘உதவி கேட்டு பாரிஷுக்குப் பாரமாகிவிட்டார்கள்’ என்று காரணம். அதற்கு முந்தின 1816-ஐ இங்கிலாந்தில் கோடையே இல்லாத வருடம் என்கிறார்கள். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துச் சாம்பல் வானத்தை மூடியதில் விளைச்சல் போய், ரொட்டி விலை ஏறியது. அந்த ஐந்து பேரை எட்டு மைல் தள்ளி இருந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஊர்தான் ஆன்ட்டியின் காகிதத்தில் இருக்கிற பிறந்த ஊர். அதாவது, துரத்திவிடப்பட்டு வந்து சேர்ந்த இடம். ஒன்பது மாதக் குழந்தைதான் பிறகு பெருக்கல் குறி போட்ட மாப்பிள்ளை.

இதை ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “லார்டு இல்லையா அப்போ?” என்றார். இல்லை ஆன்ட்டி என்றேன். “அந்தச் சின்னக் குழந்தையை நடக்கவச்சா கூட்டிட்டுப் போனாங்க?” என்று கேட்டார். வண்டியா, நடையா என்று அந்தத் தாளில் இல்லை.

புதிதாகத் தேடப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 1752-க்கு முன் அங்கே வருடம் பிறந்தது மார்ச் 25-இல். பிப்ரவரி 1720 என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் 1721. பங்குனி போய்ச் சித்திரை வந்தால்தான் வருடம் மாறும் என்று பழகிய நமக்கு இது புரியும், கம்ப்யூட்டரில் போட்டவர்கள் பலருக்குப் புரியவில்லை. இன்னொன்று, 1640-களின் உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரை பல ஊர் ஏடுகளில் ஓட்டை. அந்த ஓட்டையை யாராவது வழவழவென்று அடைத்துக் காட்டினால் சந்தேகப்படுங்கள். நாங்கள் 1690-களில் நின்றுவிட்டோம். அதற்கு மேல் லத்தீனும் கோழிக் கிறுக்கலும், என் கண்ணாடிக்கு எட்டவில்லை.

நட்சத்திரம் போடுவதென்றால், டார்செட் கிளார்க்குகளுக்கு ஐந்துக்கு ஐந்து. ஃப்ரீரெஜ்ஜுக்கும் ஃபிபிஸுக்கும் நாலரை. ஃபேமிலிசர்ச்சுக்கு நாலு. பெயர் சொல்லாத தளத்துக்கு ஒன்று, அதுவும் 1851 கணக்கின் படம் அங்கே பளிச்சென்று இருந்ததற்காக. அங்கே ஆன்ட்டியின் பெயரில் இருந்த மரத்தை அழித்துவிட்டேன். ஆனால் அதைப் பார்த்துப் படியெடுத்த வேறு ஏழு பேரின் மரங்களில் அந்த இரண்டு வயதுப் பையன் இன்னும் வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து, மெட்ராஸுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறான். ஏழு பேருக்கும் அடக்க ஏட்டின் பக்க எண்ணை எழுதி அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார். நைட்டை விட்டுக்கொடுக்க அவர் மனைவிக்கு மனம் வரவில்லையாம்.